பேய்க்குச் சோறு வைப்பது யார்: ரஷ்யப் பெண்களின் நாவல்களை வாசிக்க ஒரு வழி

முதலில் நான் சொதப்பிய கதை. நாங்கள் ஏழு பேர். பெங்களூரில் அல்சூர், ஆஸ்டின் டவுன், கம்மனஹள்ளி என்று ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம், மாதத்தில் ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் கூடி ஒரு நாவலைப் பேசுவோம். இந்தத் தடவை ரஷ்யப் பெண் எழுத்தாளர்கள் என்று முடிவானதும் குஸேல் யாகினாவின் முதல் நாவலான ‘ஸுலைகா கண் திறக்கிறாள்’ என்பதைச் சொன்னது நான்தான், பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. 22 ஸ்லைடு போட்டுக்கொண்டு போனேன். முதல் ஸ்லைடிலேயே கொட்டை எழுத்தில் ‘மாய யதார்த்தம்’. நாலாவது ஸ்லைடு வரும்போது ஒரு தம்பி போனில் ஸ்கோர் பார்க்க ஆரம்பித்துவிட்டான். டிசம்பர் மாதம், அவரைக்காய் சீசன். வீட்டுக்கார அக்கா பிதுக்குப் பருப்புக்காகக் கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே கேட்டார்: “அது சரி, அந்த இனிப்பை அப்புறம் யார் தின்னாங்க?”

என் 22 ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் அதற்குப் பிறகு ஆறு புத்தகம் வாசித்தோம். ஒரு வட்டாரத்தின் பேய், பிசாசு, தேவதைக் கதைகளும் பஞ்சம், நாடுகடத்தல், போர் என்று அந்த வட்டாரம் பட்ட பாடும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற இந்த வகை நாவல்களை எப்படிக் கையில் எடுப்பது என்று கேட்பவர்களுக்காக, எங்களுக்குப் பலித்ததை எழுதுகிறேன். தனியாக வாசிப்பவர்களுக்கும் ஆகும்.

அக்கா கேட்டது எந்த இனிப்பை என்று சொல்ல வேண்டும். 1930, கடுங்குளிர், ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரைக் கஸான் பக்கம், துருக்கிய மொழி பேசும் முஸ்லிம்களான தாத்தார்களின் கிராமம் ஒன்று. ஸுலைகாவுக்கு வயது முப்பது. விடிவதற்கு முன்னால், கணவன் எழுவதற்கு முன்னால், இருட்டில் தடவித் தடவிப் பரணுக்குப் போகிறாள். அங்கே பாஸ்திலா இருக்கிறது. மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்து உரிப்பார்களே, அதையே ஆப்பிளில் செய்தால் எப்படியிருக்கும், அந்த மாதிரி ஒரு பண்டம். அதில் கொஞ்சம் எடுத்து உடைக்குள் ஒளித்துக்கொள்கிறாள். திருட்டுத்தான். சொந்த வீட்டில், தன் கையால் செய்த பண்டத்தைத் திருடுகிறாள். எதற்கு? ஊர் எல்லையில் இருக்கும் ஆவிக்குப் போட. அவளுடைய நான்கு பெண் குழந்தைகளும் இறந்து கல்லறையில் இருக்கிறார்கள். கல்லறை ஆவியிடம் அவள் நேராகப் பேச முடியாது, எல்லை ஆவியைக் கவனித்தால் அது போய்ச் சொல்லும், குழந்தைகள் மேல் பனியைக் கொஞ்சம் கதகதப்பாகப் போர்த்தி வை என்று. பெரிய ஆபீசரைப் பார்க்க வாசலில் இருக்கும் பியூனைப் பிடிக்கிற அதே கணக்கு.

அக்காவின் குடும்பம் வடாற்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் கோலார் தங்கவயலுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் பூவாடைக்காரிக்குப் படைப்பார்கள், சின்ன வயதில் இறந்துபோன பெண்ணுக்குப் புதுத் துணியும் பலகாரமும் வைத்துக் கூப்பிட்டுக் கும்பிட்டுவிட்டு அந்தப் பலகாரத்தை வீட்டார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதனால்தான் அந்தக் கேள்வி. ஸுலைகா கொடுப்பதை வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, ஏனென்றால் அவள் கொடுத்ததே யாருக்கும் தெரியாது. அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நம்ம வீட்ல செத்த பொண்ணு வீட்டுக்குள்ள வருது, அங்க பெத்தவ பேரைக்கூடச் சொல்ல முடியல” என்றார். எங்களுடைய முதல் உருப்படியான விமர்சனம் அதுதான்.

இதிலிருந்து வந்த முதல் வேலை: பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவியோ பேயோ தேவதையோ வரும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஒரு கோடு போட்டு நாலு விஷயம் குறியுங்கள். என்ன கொடுக்கப்படுகிறது, கொடுப்பது யார், ஒளித்துக் கொடுக்கிறாரா எல்லாருக்கும் தெரிந்து கொடுக்கிறாரா, கொடுப்பது எந்தப் பக்கத்தோடு நின்றுபோகிறது. நாலாவதுதான் முக்கியம். படையல் நின்றுபோகிற பக்கத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பக்கம் திரும்பப் படித்தால் வரலாறு எங்கே கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது என்று தெரிந்துவிடும். ஸுலைகாவின் கதையில் ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டியதில்லை. கணவன் தானியத்தைப் பறிக்க வரும் அரசு ஆட்களிடமிருந்து காப்பாற்ற மூத்த மகளின் கல்லறைக்குள் ஒளிக்கிறான், திரும்பும் வழியில் செம்படைக்காரர்கள் எதிரே வருகிறார்கள், அவன் செத்துவிழுகிறான், கொஞ்ச நாளில் அவள் சைபீரியாவுக்குப் போகும் ரயில் பெட்டியில் இருக்கிறாள்.

அந்த எல்லை ஆவிக்குத் தாத்தார் மொழியில் என்ன பெயர் என்று தேடியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பாஸு கப்கா இயஸே. பாஸு என்றால் வயல், கப்கா என்றால் வாசல், இயஸே என்றால் அதற்கு உடையவர். வயல்வாசல் உடையார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1930 ஜனவரி 30 அன்று மாஸ்கோவில் ஒரு தீர்மானம் போட்டார்கள், வசதியான விவசாயி என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் நிலம், மாடு, வீடு எல்லாவற்றையும் பறித்து அவர்களைத் தூரதேசத்துக்கு அனுப்புவது என்று. 1930, 31 இரண்டே வருடத்தில் சுமார் 18 லட்சம் பேர் அப்படிப் போனார்கள். வயலுக்கு உடையவன் போனான். வாசலுக்கு உடைய ஆவி என்ன ஆயிற்று? இடத்தோடு ஒட்டின ஆவியை ரயிலில் ஏற்ற முடியாதே. நாவலின் மீதி முழுக்க இந்தக் கேள்விமேல்தான் நடக்கிறது என்பது என் கட்சி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவள் கைக்கு வரும் இன்னொரு இனிப்பு, கணவன் விஷம் ஏற்றி வைத்த சர்க்கரைக் கட்டி. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே பயணம் போகிறாள். ஆவிக்குக் கொடுத்த ஆப்பிள் இனிப்பும் பையில் இருக்கும் விஷ இனிப்பும் ஒரே பெண்ணின் கையில் முன்பின்னாக வருகின்றன. நாங்கள் பென்சில் கோடு போட்டிருக்காவிட்டால் இது கண்ணில் பட்டிருக்காது, நான் இரண்டு தடவை படித்தும் பட்டதில்லை.

இரண்டாவது வேலை: ஒரு துண்டுச்சீட்டில் வருடங்களை எழுதிப் புத்தகத்துக்குள் அடையாளத்தாளாக வையுங்கள். பெரிய வரலாற்று நூல் எல்லாம் முதலில் வேண்டாம், படிக்க ஆரம்பித்தால் நாவலுக்கே வரமாட்டீர்கள். எங்கள் சீட்டில் இருந்தது இவ்வளவுதான். 1921-22, வோல்கா பஞ்சம். 1930, மேலே சொன்ன பறிமுதல். 1932-33, மறுபடி பஞ்சம். 1937-38, ஸ்டாலினின் பெரும் களையெடுப்பு, அரசின் சொந்தக் கணக்கிலேயே 6,80,000க்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். 1941 ஆகஸ்ட் 28, வோல்கா ஜெர்மானியர்களை ஒட்டுமொத்தமாக நாடுகடத்தும் ஆணை. அதே வருடம் செப்டம்பர் 8, லெனின்கிராட் நகரத்தை ஜெர்மன் படை சூழ்ந்த முற்றுகை ஆரம்பம், அது முடிந்தது 1944 ஜனவரி 27 அன்று, மொத்தம் 872 நாள். 1944 பிப்ரவரி 23 செச்செனியர்களும் இங்குஷ்களும், மே 18 கிரிமியத் தாத்தார்களும் நாடுகடத்தல். 1953 ஸ்டாலின் மரணம். 1991 சோவியத் கலைப்பு. ஒரு கதாபாத்திரத்துக்கு வயது சொல்லப்படும்போதெல்லாம் சீட்டைப் பார்த்து, 1937இல் இந்தப் பாட்டிக்கு என்ன வயசு என்று கழித்துப் பாருங்கள். நாவல் வாயைத் திறந்து சொல்லாததைக் கழித்தல் கணக்கு சொல்லிவிடும்.

இங்கே தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டும் ஒரு தலைவலி இருக்கிறது. வசதியான விவசாயி என்று முத்திரை குத்தப் பயன்பட்ட சொல்லும், கட்டாய உழைப்பு முகாம்களின் பெயரும் நம் எழுத்தில் ஒரே மாதிரி ‘குலாக்’ என்றுதான் வரும். எங்கள் வாட்ஸாப் குழுவில் அரைநாள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள், பிறகுதான் தெரிந்தது ஒருவர் மனுஷனைப் பற்றியும் மற்றவர் முகாமைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார் என்று. ‘முத்திரை குத்தப்பட்ட விவசாயி’, ‘முகாம்’ என்று எழுதிவிடுங்கள், பிழைத்தீர்கள்.

பெயர்களைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஒருவருக்கு மூன்று பெயர் இருக்கும், நடுவில் வருவது அப்பா பெயர். நாம் இனிஷியலாக முன்னால் போடுவதை அவர்கள் நடுவில் வால் ஒட்டி நீட்டி எழுதுகிறார்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது வேலையை நாவலைத் திறப்பதற்கு முன்னாலேயே செய்ய வேண்டும், ஆனால் செய்து பார்த்தால்தான் அது ஏன் என்று புரியும். ஒவ்வொருவரும் தன் வீட்டில், தெருவில் கேட்ட ஒரு பேய்க்கதையைக் கொண்டுவர வேண்டும். விளக்கம் கூடாது, தத்துவம் கூடாது. யார் சொன்னார்கள், யாரிடம் சொன்னார்கள், எந்த நேரத்தில், கதை கேட்டபிறகு வீட்டில் என்ன செய்தார்கள், இவ்வளவுதான். ஒருவர் பிளேக் அம்மனைக் கொண்டுவந்தார். 1898இல் பெங்களூரை பிளேக் போட்டுத்தாக்கியபோது வந்த அம்மன், மாரியம்மன் ஏற்கெனவே இருந்தாலும் இந்த நோய் புதுசு என்பதால் புதுசாக ஒருத்தி தேவைப்பட்டாள். பசவனகுடி, மல்லேஸ்வரம் எல்லாம் அந்தக் காலத்தில் ஊர் நெரிசலுக்கு வெளியே போட்ட பேட்டைகள். நகரத்தின் வரைபடமும் ஒரு தெய்வமும் ஒரே நோயில் பிறந்திருக்கின்றன.

நான் கொண்டுபோனது ‘நாளே பா’. தொண்ணூறுகளில் பெங்களூரில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ராத்திரியில் ஒரு பேய் வந்து கதவைத் தட்டும், அம்மா குரலிலோ வீட்டுக்காரர் குரலிலோ கூப்பிடும், திறந்தால் அவ்வளவுதான். அதனால் கதவில் கன்னடத்தில் ‘நாளே பா’, நாளைக்கு வா என்று எழுதிவைத்தால் படித்துவிட்டுப் போய்விடும், மறுநாள் வந்து மறுபடியும் படித்துவிட்டுப் போகும். எங்கள் தெருவில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், எல்லாக் கதவிலும் கரித்துண்டால் கன்னட எழுத்து. எனக்கு அப்போது எட்டு வயது, பேய்க்குத் தமிழ் தெரியாதா என்று கேட்டு அம்மாவிடம் ஓர் அடி வாங்கினேன்.

இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்ல ஆரம்பித்தேன். யாரிடம், எந்த நேரத்தில் என்ற கேள்விக்கு வந்தபோது நின்றுவிட்டேன். கதையை எனக்குச் சொன்னது எங்கள் பெரியம்மா. 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தில் அவர்கள் இருந்த தெருவில் ராத்திரி கதவுகள் தட்டப்பட்டன, பெரியப்பாவின் கடை போயிற்று, அவர்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். அந்த டிசம்பரைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘நாளே பா’ கதையை மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பார், ஒவ்வொரு தடவையும் கடைசியில் எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். கலவரத்திலிருந்து அந்தப் பேய் பிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை, அந்தக் கதை கர்நாடகம் முழுக்க எல்லா மொழிக்காரர் வீட்டிலும் சுற்றியது. பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கதவுத்தட்டல் கிடைத்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இதைச் செய்துவிட்டு எலேனா சிஷோவாவின் ‘பெண்களின் காலம்’ நாவலை எடுங்கள், 2009இல் ரஷ்ய புக்கர் பரிசு வாங்கியது. அறுபதுகளின் லெனின்கிராட், பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் பொதுக் குடியிருப்பு, மூன்று கிழவிகள், ஒரு தொழிற்சாலைப் பெண், அவளுடைய பேசாத மகள். பேச்சு வராத குழந்தை என்று தெரிந்தால் அரசு விடுதிக்கு எடுத்துப் போய்விடுவார்கள் என்ற பயத்தில் கிழவிகள் அவளை வீட்டுக்குள் வைத்து வளர்க்கிறார்கள், ரகசியமாக ஞானஸ்நானம் செய்து சோஃபியா என்று பெயர் வைக்கிறார்கள், பதிவேட்டில் அவள் பெயர் சுஸானா. புரட்சியிலும் போரிலும் முற்றுகையிலும் தங்கள் ஆட்களை எல்லாம் பறிகொடுத்த கிழவிகள் அவர்கள். குழந்தைக்குத் தேவதைக் கதை சொல்கிறார்கள், கதையும் முற்றுகை நினைவும் எங்கே கலக்கின்றன என்று தையல் தெரியாமல் கலந்துவிடுகின்றன. யாரிடம் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: வெளியே போய்ச் சொல்ல முடியாத குழந்தையிடம். இந்த இடத்தில் 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை லெனின்கிராட்டில் வேலைக்குப் போகாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நாளைக்குக் கொடுத்த ரொட்டி 125 கிராம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களில் ஒருவர் தராசில் 125 கிராம் பிரெட் நிறுத்துக் கொண்டுவந்தார், கடைத் துண்டில் நாலைந்து. அன்றைய ரொட்டியில் கலப்படமும் நிறைய.

ரஷ்ய நாட்டுப்புறக் கதைகள் பல ஒரே வாய்பாட்டில் முடியும், நம் ‘கதை முடிஞ்சுது கத்தரிக்கா காய்ச்சுது’ மாதிரி. விருந்துக்கு நானும் போனேன், தேன்மதுவும் பீரும் குடித்தேன், மீசை வழியாக வழிந்தது, வாய்க்குள் ஒரு சொட்டும் போகவில்லை. சின்ன வயதில் சோவியத் குழந்தைப் புத்தகங்களில் இந்த மாதிரி வரியை வேடிக்கையாகப் படித்தவர்கள் இருப்பீர்கள். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்து என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) வழியாக வந்த அந்த வழவழப் புத்தகங்களில் கோழிக்கால் குடிசையில் இருக்கும் சூனியக்கிழவி பாபா யாகாவை நமக்கு நன்றாகக் காட்டினார்கள். 1930இன் ரயிலை அங்கே காட்டியிருக்க முடியாது. இந்த நாவலாசிரியைகள் அந்த இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார்கள். விருந்தில் வாய்க்குள் போகாத தேன்மதுவை இப்போது நினைத்துப் பாருங்கள்.

லுத்மிலா பெத்ருஷெவ்ஸ்கயாவை இந்த இடத்தில்தான் படிக்க வேண்டும். 1938இல் மாஸ்கோவில் பிறந்தவர், குடும்பத்தில் பலர் மக்கள் விரோதிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள், போர்க்காலத்தில் குய்பிஷெவ் நகரத்தில் பட்டினி, அண்டை வீட்டார் குப்பையில் போட்ட உருளைக்கிழங்குத் தோலைத் தின்று வளர்ந்த குழந்தை. அவருடைய பேய்க்கதைகள் மூன்று நான்கு பக்கம்தான் இருக்கும், பெங்களூர் டவுன் பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெண் சொல்கிற தோரணையில், ஆள் பெயர், தெரு, வருடம் எல்லாம் சரியாகச் சொல்லி, பிறகு திடீரென்று செத்தவன் எழுந்து வருவான். வரிசையாகப் பத்துக் கதை படிக்காதீர்கள், திகட்டிவிடும், ஒரு ராத்திரிக்கு ஒன்று. சோவியத் காலக் கொலைகளையும் முகாம்களையும் ஆவணப்படுத்திய மெமோரியல் அமைப்பை 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைக்கச் சொன்னபோது, தனக்குக் கிடைத்திருந்த அரசு விருது இனி வேண்டாம் என்று அறிவித்தவர் இவர்.

யெவ்கேனியா நெக்ராஸோவாவின் 2018ஆம் வருட நாவலில் கிகிமோரா வருகிறாள். அடுப்புக்குப் பின்னால் குடியிருந்து ராத்திரியில் நூலைச் சிக்கலாக்கும் பழைய வீட்டுப் பேய் அவள். மாஸ்கோவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அடுக்குமாடியில் செங்கல் அடுப்புக்கு எங்கே போவது, கேஸ் அடுப்புக்குப் பின்னாலிருந்து வருகிறாள். பள்ளியிலும் வீட்டிலும் மிதிபட்ட சின்னப் பெண் ஒருத்தி கேஸைத் திறந்துவிட்ட தருணத்தில் அது நடக்கிறது, அதனால் இந்தப் புத்தகத்தை யாருக்காவது பரிந்துரைக்கும் முன் யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய வரலாறு இதில் பின்னணியில் மட்டும். ஆனால் ஊரைவிட்டு வந்த மனிதர்களோடு பேயும் வந்து ஒண்டுக் குடித்தனம் இருப்பதைப் பார்க்க இதைவிட நல்ல புத்தகம் நான் படிக்கவில்லை.

இப்போது எல்லாரும் வழுக்கும் இடம். ‘ரஷ்ய நாட்டுப்புறவியல்’ என்று ஒரே பெட்டியில் போடாதீர்கள். கிகிமோரா ஸ்லாவியப் பேய். காட்டில் ஆளைப் பிடித்துக் கிச்சுகிச்சு மூட்டியே கொல்லும் ஷுராலே தாத்தார்களுடையது. யூரல் மலைக்கு அடியில் ரத்தினங்களைக் காவல் காக்கும் மலையரசி அங்கத்துச் சுரங்கக்காரர்களுடையவள். ஓல்கா ஸ்லாவ்னிகோவாவின் ‘2017’ அவளை ஒரு காதலியாக நகரத்தில் நடமாடவிடுகிறது, கூடவே புரட்சியின் நூற்றாண்டு விழாவுக்குச் செம்படை, வெண்படை வேஷம் போட்டவர்கள் நிஜமாகவே அடித்துக்கொள்ள ஆரம்பிக்கிறார்கள். 2006லேயே எழுதியது. அக்காவுக்கு இந்தப் புத்தகம்தான் ரொம்பப் பிடித்தது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் அவர் தாத்தா வேலை பார்த்தார், தங்கவயல் 2001 பிப்ரவரி 28இல் மூடியபோது அவர் அப்பா வீட்டோடு உட்கார்ந்தார், தம்பிகள் இன்னும் தினம் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். “பூமிக்கு அடியில கல்லை எடுக்கறவனுக்கு மேல இருக்கற சர்க்கார் கணக்கே வேற மாதிரி தெரியும்” என்றார். இதை ஸ்லாவ்னிகோவா படித்தால் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அலிஸா கனியெவா ரஷ்யாவின் காகசஸ் மலைப் பகுதியான தாகெஸ்தானின் அவார் இனத்தவர், முதல் நூலையே ஆண் பெயரில் அனுப்பி 2009இல் பரிசு வாங்கியவர். நரினே அப்கர்யான் ஆர்மீனியாவில் பிறந்தவர். வானத்திலிருந்து மூன்று ஆப்பிள் விழுந்தது என்று அவர் நாவலுக்கு வைத்த தலைப்பு ஆர்மீனியக் கதைகளின் முடிவு வாய்பாடு: ஒன்று சொன்னவருக்கு, ஒன்று கேட்டவருக்கு, ஒன்று மனதில் வாங்கிக்கொண்டவருக்கு. இவர்கள் எல்லாரும் எழுதுவது ரஷ்ய மொழியில். அதனால் ஒவ்வொரு புத்தகத்திலும், இந்தக் கதை யாருடைய பாட்டியுடையது, இப்போது யாருடைய மொழியில் சொல்லப்படுகிறது என்று கேட்டே ஆக வேண்டும். யாகினா தாத்தார் பெண்மணி, அவருடைய பாட்டியே சின்னக் குழந்தையாக நாடுகடத்தப்பட்டுப் பதினாறு வருடம் கழித்துத் திரும்பியவர். ஆனாலும் 2020இல் நாவல் டிவி தொடராக வந்தபோது தாத்தார்களில் பலருக்குக் கோபம் வந்தது, தாத்தார் வீடு இருட்டும் கொடுமையுமாக இருக்கிறது, ரயிலில் ஏறிய பிறகுதான் பெண்ணுக்கு விடிவு வருகிறது என்றால் நாடுகடத்தியது நல்லதென்று ஆகிவிடாதா என்று. எங்கள் குழுவில் இதற்கு ஒத்த கருத்து இல்லை. எனக்கு அந்தக் கோபத்தில் நியாயம் தெரிகிறது, நாவலும் பிடித்திருக்கிறது, இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ரஷ்ய மூலத்தின் கடைசியில் தாத்தார் சொற்களுக்கு ஓர் அகராதி உண்டு. சொந்த மொழி அகராதிக்குள் போய் உட்கார்ந்திருப்பதே ஒரு செய்தி.

நம்மூர் ஒப்பீட்டுக்கும் இதே எச்சரிக்கை. பூவாடைக்காரியும் ஸுலைகாவின் குழந்தைகளும் ஒன்று என்று யாராவது சொன்னால், வித்தியாசம் ரெண்டு சொல்லுங்கள் என்று கேளுங்கள். ஒற்றுமை வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிப்போகும், உள்ளே போக வித்தியாசம்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு ஜோடிப் புத்தகம். ஸுலைகா போய் இறங்கும் இடம் சைபீரியாவின் அங்காரா ஆற்றங்கரை. நூற்றுக்கணக்கானவர்களை அடைத்துப் பூட்டிய படகு ஆற்றில் மூழ்க, கரையில் மிஞ்சிய ஏறத்தாழ முப்பது பேர் ஒரு குடியிருப்பைக் கட்டுகிறார்கள். பிறகு அவள் தன் மகனுக்கு ஸிமுர்க் பறவையைத் தேடிப்போன பறவைகளின் பாரசீகக் கதையைச் சொல்கிறாள், கடைசியில் மிஞ்சியவை முப்பது பறவைகள், அந்த முப்பதுதான் ஸிமுர்க் என்று. அதே ஆற்றங்கரையில் பின்னால் எழுந்த உஸ்த்-இலிம்ஸ்க் என்ற தொழில்நகரத்தில் 1989இல் பிறந்தவர் ஒக்ஸானா வஸ்யாகினா. அவருடைய ‘ரணம்’ 2021இல் வந்தது, செத்துப்போன அம்மாவின் சாம்பலை வோல்கா பக்கத்திலிருந்து அந்த ஊருக்கு எடுத்துப்போகும் மகளின் கதை. இதில் ஆவி, பேய் எதுவும் கிடையாது. பென்சிலோடு உட்கார்ந்த எங்களுக்கு முதலில் ஏமாற்றம். பிறகு அந்தத் தம்பி, ஸ்கோர் பார்த்தவன்தான், “அந்தச் சாம்பல் குடத்தை அவங்க எங்கெங்க வைக்கறாங்கன்னு கோடு போட்டுப் பாருங்க” என்றான். போட்டோம். சரியாக இருந்தது.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. இந்தப் புத்தகங்களைப் பேசும்போது யாராவது ஒருவர் கட்டாயம் தன் வீட்டுக் கதைக்குள் போய்விடுவார், முன்கூட்டியே தெரியாது யார் என்று. அப்போது குறிப்பெடுக்காதீர்கள், போனில் பதிவு செய்யாதீர்கள், ‘இதை எழுதுங்களேன்’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். நாவலைக் குப்புற வைத்துவிட்டுக் கேளுங்கள். போன மாதம் என் பெரியம்மா சும்மா எங்களோடு வந்து உட்கார்ந்திருந்தார், அக்கா சிஷோவாவின் ஒரு பக்கத்தைத் தமிழில் தோராயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், கிழவிகள் குழந்தையை ஒளித்து வைக்கிற இடம். பெரியம்மா திடீரென்று, “எங்களைப் பக்கத்து வீட்டு கன்னடக்காரம்மா பாத்ரூம்ல வச்சுப் பூட்டிட்டு வெளியில கோலம் போட உட்கார்ந்துட்டாங்க, ராத்திரி பதினோரு மணிக்கு” என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. காபி ஆறிப்போயிற்று, யாரும் எழுந்திருக்கவில்லை. அன்று நாங்கள் வாசித்தது மொத்தம் மூன்று பக்கம்.